அவனவன் டிரைவரை அவனவனே எழுதட்டுமா?

போன வாரம் நண்பர் ஒருத்தரோட காரசாரமா ஒரு சண்டை. "சிப்பு செய்யுற கம்பெனியை விட அந்தச் சிப்பைப் பத்தி வேற யாருக்குய்யா தெரியும்? அவனவன் டிரைவரை அவனவன் எழுதட்டும். சோர்ஸைத் திறந்து விட்டா போதாதா?" அப்படின்னார். போதாதுங்க. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் டிரைவர் எழுதுறவன் இல்லை, டிரைவரால அடிபட்டவன். நல்லா ஓடிக்கிட்டு இருந்த லேப்டாப்பை, "இந்தக் கார்டுக்கு இனிமே ஆதரவு கிடையாது"ன்னு ஒரே வரியில கைகழுவினாங்க. கம்பெனி பேரு வேண்டாம்.)

லினக்ஸ்ல 3டி கிராஃபிக்ஸ்னா மெசா. 1993ல பிரையன் பால் ஓய்வு நேரத்துல ஆரம்பிச்சது. ஒரு கேம் "இந்த முக்கோணத்தை வரை"ன்னு சொல்றதுல இருந்து சிப்புக்குக் கட்டளை போற வரைக்கும் நடக்குற வேலையில கணிசமான பகுதி எல்லாச் சிப்புக்கும் ஒண்ணுதான். கடைசிப் பகுதிதான் மாறும். அந்தப் பொது வேலையைத் தனியாப் பிரிச்சு வைக்க 2008 வாக்குல டங்ஸ்டன் கிராஃபிக்ஸ்காரங்க கொண்டு வந்ததுதான் கேலியம்3டி.

இன்டெல் அதுல சேரலை. நடுவுல இன்னொரு அடுக்கு எதுக்கு, வேகம் போயிடும்னு கவலை. தன்னோட ஐ965 டிரைவரையே வருஷக்கணக்கா ஓட்டிச்சு. விளைவு? 2014ல கேலியம் நைன் மெசாவுக்குள்ள வந்துச்சு. டைரக்ட்3டி 9 கேம்களை ஒயின்ல நேரா ஓட்டுற சமாச்சாரம். ரேடியான்காரன் ஆடினான், நூவோகாரன் ஆடினான், இன்டெல்காரன் வேடிக்கை பார்த்தான்! கடைசியில 2019ல இன்டெல் ஆட்களே கேலியம் மேல ஐரிஸ்னு புது டிரைவர் எழுதினாங்க. பழசை விட சிபியு சுமை நல்லாவே குறைஞ்சுது. எந்த வேகத்துக்குப் பயந்து பத்து வருஷம் ஒதுங்கி நின்னாங்களோ... ஹ்ம்ம்.

இன்டெல்லைத் திட்டுறது என் நோக்கம் இல்லை. இன்னிக்கு மெசா டிரைவர்கள் பெரும்பாலும் ஷேடர்களுக்கு நம்பி இருக்கற என்ஐஆர் அவங்க வீட்டுல பிறந்த புள்ளைதான்.

இதை விடப் பெரிய கூத்து ஏஎம்டி. 2016ல வல்கன் வந்தப்ப சோர்ஸைத் திறப்போம்னு சொன்னாங்க. திறக்கலை. பொறுத்துப் பார்த்த டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹவுசனும் அதே வருஷம் ராட்வி எழுத ஆரம்பிச்சாங்க. எதை வச்சு? இன்டெல்லோட வல்கன் டிரைவர்ல இருந்த கோடை வச்சு! போட்டிக் கம்பெனியோட உழைப்பு இவங்க சிப்புக்குச் சோறு போட்டுச்சு. பொதுக் கிணத்தோட அருமை இதுதான் சாமி. ஏஎம்டியோட ஏஎம்டிவிஎல்கே 2017 டிசம்பர்லதான் வெளியில வந்துச்சு. அதுவும் எப்படி? அடுப்படிக்குள்ள யாரையும் விடாம சமைச்சுட்டு, இலையில மட்டும் பரிமாறுற கதை. ராட்விக்கோ வால்வ் காசு போட்டுச்சு, ஏசிஓ கம்பைலர் வந்துச்சு, ஸ்டீம் டெக்கும் அதுலதான் ஓடுது. 2025 செப்டம்பர்ல ஏஎம்டியே தன் டிரைவரை மூட்டை கட்டிட்டு, இனி ராட்விதான்னு சொல்லிடுச்சு.

பழைய கார்டு வச்சிருக்கறவங்க கவனிக்க: 2022ல மெசா 22.0 வந்தப்ப, கேலியத்துல சேராத பழைய டிரைவர்களை எல்லாம் கழட்டி விட்டாங்க. 2001ஆம் வருஷத்து ரேடியான் 8500 போச்சு. 2002ல வந்த ரேடியான் 9700 தப்பிச்சுது, கேலியம் டிரைவர் இருந்ததால. (8500 மாதிரிச் சிப்பு கேலியத்துக்கு ஒத்து வராதுங்கறதும் உண்மை. ஒத்துக்கறேன்.)

நண்பர் விடலை. "புதுச் சிப்பு வர்ற அன்னிக்கே டிரைவர் வேணும்னா கம்பெனிக்காரன்தானே எழுதணும்?" எழுதட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா பொது வீட்டுக்குள்ள வந்து, வீட்டு வழக்கப்படி எழுதணும். 2016ல டிஸ்ப்ளே கோடு ஒண்ணை, தனக்குன்னு ஒரு இடை அடுக்கோட ஏஎம்டி கெர்னலுக்குள்ள நுழைக்கப் பார்த்துச்சு. டேவ் ஏர்லி முடியாதுன்னுட்டார். திருத்தி எழுதினாங்க, லினக்ஸ் 4.15ல உள்ள வந்துச்சு. யாரும் செத்துப் போயிடலை.

நண்பரோட கார்டு என்விடியா. 2022 மே மாசம் அவங்க கெர்னல் பகுதியைத் திறந்தாங்க, ஆனா அது இன்னும் தனிக்குடித்தனம்தான். அதே வருஷம் வெளியாட்கள் மெசாவுக்காக என்விகே டிரைவரை அறிவிச்சாங்க. அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை மெஷினோட வர்றாராம்.