பிளாப்பிக்குள் இருந்த தோட்டம்

சென்ற மாதம் என் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் ஒரு சத்தத்தை ஒலிபரப்பினேன். முதலில் கீச்சென்று கத்தியது. பிறகு பழைய பேக்ஸ் இயந்திரம் போல் கரகரத்தது. பத்து விநாடிதான். என்ன சத்தம் என்று நேயர்களைக் கேட்டேன். மாவு மில், கெட்டுப்போன ஏர்கோன், தகரக் கூரையில் மழை என்றெல்லாம் பதில் வந்தது.

அது ஒரு கணினி நிரல். 1982-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளுக்கு நிரல்கள் நாம் பாட்டுக் கேட்ட அதே கேசட்டில்தான் வந்தன. கேசட்டை ஓடவிட்டால் போதும், அந்தச் சத்தத்திலிருந்தே கணினி நிரலை ஏற்றிக்கொள்ளும். இதைப் பார்த்த நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். வானொலி, 1980-களில் 'ஹாபிஸ்கூப்' என்ற நிகழ்ச்சியில் நிரல்களையே ஒலிபரப்பியது. நேயர்கள் அதைக் கேசட்டில் பதிவு செய்து தங்கள் கணினியில் ஓட்டினார்கள். வானொலிக்காரியான எனக்குப் பழைய கணினிகள் மேல் ஆசை வந்ததே இந்தக் கதையைப் படித்துத்தான். இப்போது ஓய்வு நாள்களில் அவற்றைப் பழுது பார்ப்பதே என் பொழுதுபோக்கு. அதையும் அன்று சொல்லிவைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாடாங் செராயிலிருந்து ஓர் அம்மா அழைத்தார்.

"பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுவேன்னு சொன்னியேம்மா, நெசமா? எங்க ஸ்டோர்ல ஒண்ணு கெடக்கு. சார் வச்சிருந்தது. பேரப்பிள்ளைங்க பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாம்னு நிக்கிறாங்க. அவர் எழுதுனதெல்லாம் அதுலதான் இருக்கு."

'சார்' என்றது காலமான கணவரை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நான் அவசரமாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா, யாரும் பிளக் போடவேண்டாம்."

அது நான் பட்டு அறிந்த பாடம். முதன்முதலில் வாங்கிய பழைய கணினியை, ஓடுகிறதா பார்ப்போம் என்று வந்த வேகத்தில் பிளக்கில் செருகினேன். ஐந்து நிமிடத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம், வீடு முழுக்கப் புகை. அந்தக் காலத்துப் பவர் சப்ளைகளில் மின்சாரத்தை வடிகட்டக் காகிதத்தால் ஆன ஒருவகைக் கெப்பாசிட்டர் இருக்கும். பல ஆண்டுகளில் அதன் உறை விரிசல் விட்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் ஏறியதும் வெடித்துப் புகையும். நம் கெடா ஈரத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

மறுநாளே காரை எடுத்தேன். பெட்டியைத் திறந்தபோது நான் பயந்தது அப்படியே இருந்தது. அது 386 ரகக் கணினி. சங்கிலியை அடகு வைத்து வாங்கியதாம். அதன் தாய்ப்பலகையில், கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க ஒரு சின்ன நிக்கல்-கேட்மியம் பேட்டரி உண்டு. நாளாக ஆக அது கசியும். கசிவில் உள்ள காரம் பலகையின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்னும். அங்கே பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது, மழையில் கிடந்த செம்புக் குடம் போல.

நான் பேட்டரியை வெட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலகையை எட்டிப் பார்த்தார். சில்லுகள் சிலவற்றின் மேல் 'மலேசியா' என்று அச்சிட்டிருந்தது.

"இது மாதிரிதான் நாங்க செய்வோம்" என்றார்.

1970-களின் பிற்பகுதியில் அவர் பாயான் லெப்பாஸில் வேலை செய்தவராம். கல்யாணத்துக்கு முன் நாலு தோட்டத்துப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். வீட்டுக்கு வர பஸ், பெர்ரி, மறுபடி பஸ். பினாங்குப் பாலம் 1985-ல்தானே திறந்தார்கள்! வேலை என்னவென்றால், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுவது.

பினாங்கில் இன்டெல் தொழிற்சாலை திறந்தது 1972-ல். அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை அதுதான். ஏ.எம்.டி., ஹியூலட்-பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி எல்லாம் அதே காலகட்டத்தில் வந்தவை. இன்று எந்த நாட்டில் ஒருவர் பழைய கணினியைத் திறந்தாலும், உள்ளே நம் நாட்டின் பெயர் தென்பட வாய்ப்பு அதிகம். பால்மரக் காட்டிலிருந்து பஸ் ஏறிப்போன பெண்களின் கண்பார்வை அதற்குள் இருக்கிறது.

பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காரத்தை முறிக்க வினிகர், பிறகு ஆல்கஹாலில் கழுவல், இரண்டு நாள் காயவைத்தல். அறுந்த செம்புக் கோடுகள் 6. பூதக்கண்ணாடி வைத்து மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகப் பாலம் போட்டேன். பவர் சப்ளையை அலோர் ஸ்டாரில் டிவி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் பார்த்துக்கொடுத்தார். கணினி எழுந்தது. ஹார்ட் டிஸ்க் எழவில்லை. மிஞ்சியது ஒரு பிஸ்கட் டின்னில் இருந்த 14 பிளாப்பிகள்.

அவற்றில் 5 பூஞ்சை பிடித்திருந்தன. பூஞ்சையோடு செருகினால் வட்டும் போகும், படிக்கும் ஊசியும் போகும். பிளாப்பியின் தகட்டை நகர்த்தி, வட்டைச் சுற்றிச் சுற்றி ஆல்கஹால் பஞ்சால் துடைத்தேன். மூன்று தேறின. இரண்டு தேறவில்லை.

தேறியவற்றைப் புதிய மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து ஏதோ மந்திரம் போல் ஓடியது. காரணம் உண்டு. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் கைக்குப் பழகியது 2000-க்குப் பிறகுதான். அதற்கு முன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துகளைத் தன் போக்கில் அடுக்கியது. அந்த மென்பொருள் இல்லாவிட்டால் அந்தக் கோப்பு வெறும் கிறுக்கல். நல்லவேளை, சாரின் பிளாப்பிகளில் ஒன்றில் 'முரசு' இருந்தது. கேரித்தீவில் பிறந்த நம் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய மென்பொருள். பழைய கணினியிலேயே அதை ஓட்டினேன். கறுப்புத் திரையில் தமிழ் வந்து நின்றது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-ல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் பிளாப்பிகளுக்குள் முடங்கிக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்ற மாணவர்கள் வட்டுகளைப் படித்து, யாருக்கும் பழக்கமில்லாத அதன் கோப்பு முறையையும் அவிழ்த்த பிறகே, 2014-ல் உலகம் அவற்றைப் பார்த்தது. வார்ஹாலுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. நம் தமிழாசிரியருக்கு ஸ்டோர் அறைதான்.

சார் எழுதி வைத்தது கதையோ கவிதையோ இல்லை. பெயர்ப் பட்டியல். தோட்டம் துண்டாடப்படும் என்று பேச்சு வந்த நாளில், லயம் லயமாகப் போய் வீட்டுக்கு வீடு கேட்டு எழுதியிருக்கிறார். குடும்பத்தில் யார் யார், முதலில் வந்தவர் எந்த ஊர், யார் கங்காணி, திருவிழாவில் யார் வீட்டுக் காவடி முதலில் போகும், யார் எங்கே குடிபோனார்கள். இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அங்கே மாரியம்மன் கோயில் இருந்ததற்கு ஓர் அரசமரம்தான் சாட்சி.

திரையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பார்த்துத் தட்டச்சு செய்து அம்மாவிடம் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார்.

"ஆத்தங்கரை லயம் எங்கம்மா? என்னைப் பெத்தவங்க இருந்த லயம் அது."

அது தேறாத இரண்டு பிளாப்பிகளில் இருந்திருக்க வேண்டும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ கோயில் அலுவலகத்திலோ பழைய கணினி இருந்தால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பிளக் போடாதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். அணைந்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு, தாய்ப்பலகையில் இருக்கும் பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். பிளாப்பிகளைக் காய்ந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் செருகவேண்டாம். தமிழ் மென்பொருள் இருந்த வட்டையும் விசைப்பலகைக் குறிப்பையும் சேர்த்தே வையுங்கள். அவை இல்லாமல் கோப்பு இருந்தும் பயனில்லை. கணினியை விற்பதானால் படித்து எடுத்த பிறகு விற்கலாம். அதற்கு 5 வருடம் கழித்து நாள் பார்க்காதீர்கள். பூஞ்சை நாள் பார்ப்பதில்லை.

இப்போது ஞாயிறுதோறும் பாடாங் செராய் போய்வருகிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார், நான் எழுதுகிறேன். ஆத்தங்கரை லயத்தில் 20 வீடுகளாம். 11 வரை வந்திருக்கிறோம். பன்னிரண்டாம் வீட்டுத் தாத்தாவின் பெயர் மட்டும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. அவருக்கு ஒரு தங்கை மகள் சுங்கைப்பட்டாணியில் இருக்கிறாராம். அடுத்த வாரம் அவரைத் தேடிப் போகிறோம்.