வேகவைத்தால் குழம்பு, பச்சையாகத் தின்றால் வம்பு: எலி நுரையீரல் புழு என்ன செய்யும்?

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரி, வயல்களில் நத்தைகளுக்குப் பஞ்சமே இருக்காது. மூலத்துக்கு நல்லது என்று நத்தைக் குழம்பு வைப்பவர்கள் உண்டு. மாடித்தோட்டக் கீரையில் ஓடில்லா நத்தை ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்களும் உண்டு. 'நத்தையில இருந்து மூளைக்கே புழு போகுமாமே, நிஜமா?' என்றால், போகும். ஆனால் நன்றாக வெந்த குழம்பிலிருந்து அல்ல.

எங்கிருந்து வருது இந்தப் புழு?

பெயரைப் போலவே, இதன் வீடு எலி. எலியின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் வளரும் இந்தப் புழுவின் இளம்புழுக்கள் எலிப் புழுக்கை வழியாக வெளியேறும். அதைத் தின்னும் நத்தைக்குள் அவை அடுத்த கட்டத்துக்கு வளரும். அந்த நத்தையை எலி தின்றால் சுழற்சி முழுமையாகிறது. நடுவில் மனிதர் பச்சையாகத் தின்றால், இளம்புழு மூளைக்குப் போய் அங்கேயே சிக்கி இறந்துபோகும். அதை எதிர்த்து உடல் காட்டும் அழற்சிதான் மூளைக்காய்ச்சலாக மாறுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

நம்ம பக்கம் வந்திருக்கா?

1935-ல் சீனாவின் கான்டன் எலிகளில் அடையாளம் காணப்பட்ட புழு இது. நமக்கு அண்டை மாநிலமான கேரளத்திலும் இவ்வகை மூளைக்காய்ச்சல் பதிவாகியிருக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்களில் சிலர் பச்சை உடும்பு இறைச்சி சாப்பிட்டவர்கள். நத்தையைத் தின்னும் உடும்பின் உடலிலும் இளம்புழு தங்கியிருக்கும். உடும்பைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். 'உடம்புக்குத் தெம்பு' என்று அதன் ரத்தத்தைக் குடிப்பது, சட்டத்தோடு சேர்த்து உயிரோடும் விளையாடுவது.

விளையாட்டுக்குச் செய்தாலும் இதே கதிதான். சிட்னியில் 2010-ல் நண்பர்கள் உசுப்பேற்றியதால் ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞர், கோமாவுக்குப் போய், உடல் முடங்கி, 2018-ல் இறந்துபோனார். ரீல்ஸுக்காக எதையும் வாயில் போடும் காலத்தில் இதை மறக்கக் கூடாது.

எப்படித் தெரியும்? என்ன சிகிச்சை?

சாப்பிட்ட 1 முதல் 3 வாரங்களில் கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல் வரலாம். காய்ச்சல் லேசாகவே இருக்கலாம். முதுகுத்தண்டு நீரைப் பரிசோதிக்கும்போது வெள்ளை அணுக்களில் ஈசினோபில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். வலி நிவாரணி, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு, மூளை அழுத்தத்தைக் குறைக்க முதுகுத்தண்டு நீரை எடுப்பது ஆகியவையே முக்கிய சிகிச்சை. பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலை மருத்துவர் தேவைப்பட்டால் ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தருவார். நீங்களே வாங்கிப் போடாதீங்க. புழுக்கள் மொத்தமாக இறந்தால் அழற்சி கூடும் ஆபத்து இருக்கிறது.

என்ன செய்யலாம்?

நத்தை, நண்டு, இறால் எதுவானாலும் 3 முதல் 5 நிமிடங்களாவது நன்றாகக் கொதிக்க வேகவையுங்கள். சாலட், பச்சைக் கீரை ஜூஸ் பிடிக்குமா? ஒவ்வொரு இலையையும் ஓடும் தண்ணீரில் பிரித்துக் கழுவுங்கள். உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று நம்பிவிட வேண்டாம். நத்தையை வெறும் கையால் தொடாதீங்க, குழந்தைகளையும் தொட விடாதீங்க. தண்ணீர்த் தொட்டியை மூடியே வையுங்கள். வீட்டைச் சுற்றி எலி பெருகவிடாதீங்க.

வாரக்கணக்கில் தலைவலியோடு வருபவருக்குக் காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று யோசிப்பது நம் ஊரில் இயல்பு, அவசியமும்கூட. அதோடு 'பச்சையா ஏதாவது சாப்பிட்டீங்களா?' என்ற கேள்வியும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வழக்கமாக வேண்டும். அதைக் கேட்கச் செலவு எதுவும் இல்லை. மருத்துவர் கேட்க மறந்தாலும், கூச்சப்படாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.