துயர் கேட்பவருக்கும் சம்பளம் வேண்டும்

போர்க்காலத்தில் யாழ் குடாநாட்டில் மனநல வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி கொடுத்தார்கள். 1987இல் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணையாளர்களை உருவாக்கியது. 1995 இடப்பெயர்வுக்குப் பின் துயரைச் சொன்னவரும் கேட்டவரும் ஒரே பாதையில் நடந்தவர்கள். அதனால்தான் நம்பிக்கை வந்தது.

நம் தோட்டங்களிலும் இது முடியும். இன்று 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், உண்மைதான். ஆனால் லயத்தில் மூச்சுவிட்டாலே அடுத்த காம்பராவுக்குக் கேட்கிறது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாலோ ஒருநாள் பேர் போகிறது.

ஆகவே தோட்டத்துக்கு ஒருவரையாவது, துயரைக் கடந்து வந்த ஒரு தொழிலாளியை, பயிற்றுவிக்கக் கோருகிறோம். பயிற்சி நாட்களுக்கு முழுச் சம்பளம், சுகாதார அமைச்சு ஏற்கும் சான்றிதழ், பிறகு மாதச் சம்பளமுள்ள வேலை. 'தொண்டர்' என்று மாலை போட்டுச் சும்மா வேலை வாங்குவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். சான்றிதழ் இல்லாவிட்டால் நிர்வாகம் நாளைக்கே அவரை மலைக்கு அனுப்பிவிடும்.

கேட்டதைக் கங்காணியிடமோ ஆபீசிலோ சொல்பவர் இதற்கு ஆகாது. நம் தலைவர்மாரிடம் சொல்பவரும் ஆகாது. யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று மாதர் குழுக்களில் கேட்டு, தோட்டக் கமிட்டிகள் நமக்குப் பெயர்களை எழுதட்டும்.