சருகை எரித்துவிட்டு உரம் வாங்குவதா?

வாசலில் கூட்டிய சருகுக்குத் தீ வைப்பது, காய்கறித் தோலைக் குப்பை வண்டியில் கொட்டுவது, பிறகு மாடித்தோட்டத்துக்கு மண்புழு உரமும் நாற்றுத் தட்டும் காசு கொடுத்து வாங்குவது. நம் ஊர்களில் இது வழக்கமாகிவிட்டது. சருகை எரித்தால் அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போய்விடும். எஞ்சுவது கொஞ்சம் சாம்பல்தான். நஷ்டம் பணத்துக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும்தான்.

மட்கு உரம் தயாரிக்கப் பெரிய இடம் தேவையில்லை. ஒரு பழைய வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டால் போதும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு என அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒரு கைப்பிடி தோட்ட மண் தூவினால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வந்து சேரும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும்; நீர் வடியக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு, மூன்று மாதங்களில் உரம் தயாராகிவிடும். துர்நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு குறைவு என்று பொருள். பல வாரங்களாகியும் மாற்றமே இல்லையென்றால் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை. மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்களை இதில் சேர்க்க வேண்டாம்.

கண் உள்ள பாதிக் கொட்டாங்குச்சியில் கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் வடிய வழி கிடைக்கும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று வளர்க்க அது போதும். பூச்சு இல்லாத பழைய மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், கசியும் நீர் கோடையிலும் சுற்றியுள்ள செடிகளின் வேரை நனைக்கும்.

ஆனால், வீட்டுப் பொருள்தானே என்று எதையும் அளவின்றிப் போடக் கூடாது. முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான். கார மண்ணில் அது எளிதில் கரையாது. அதைத் தூளாக்கி மட்கு வாளியில் சேர்ப்பதே நல்லது. அடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, காரத்தன்மையும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதை அதிகம் இட்டால், பயிருக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாகும். மட்காத தென்னை நார்க்கழிவில் கரிமம், தழைச்சத்து விகிதம் 100:1க்கும் மேல். அதை அப்படியே தொட்டியில் நிரப்பினால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும்.

கைபேசியில் வலம்வரும் குறிப்புகள் இவற்றைச் சொல்வதில்லை. அரைகுறையாகச் செய்து செடி வாடியதும், 'இதெல்லாம் வேலைக்காகாது' என்று மக்கள் மீண்டும் கடைக்கே போகிறார்கள். ஆகவே, வேளாண், தோட்டக்கலைத் துறையினர் பள்ளிகளிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் சரியான அளவுடன் செய்முறை விளக்கம் தர வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் பூங்கா, சாலையோரச் சருகைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி, கேட்போருக்குக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

அடுத்த முறை வாசல் கூட்டியதும் தீப்பெட்டியைத் தேடாதீர்கள். ஒரு பழைய வாளியைத் தேடுங்கள்.