வீட்டை விற்கும் விலை வேறு, திரும்பக் கட்டும் செலவு வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. சொந்த வீடு உள்ளவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

உங்கள் வீட்டின் மதிப்பு என்ன என்று கேட்டால் பொதுவாக மூன்று பதில்கள் வரும். ஒருவர் தெருவில் கடைசியாக விற்ற வீட்டின் விலையைச் சொல்வார். இன்னொருவர் பத்திரத்தில் உள்ள வழிகாட்டி மதிப்பைச் சொல்வார். மூன்றாமவர், "பி.எஃப். பணம் போட்டு அந்தக் காலத்தில் ஆறு லட்சத்தில் கட்டினேன்" என்பார். வீட்டுக் காப்பீட்டுக்கு இந்த மூன்றுமே உதவாது. அங்கே தேவைப்படுவது நாலாவது எண். இந்தக் கட்டடம் முழுதும் போய்விட்டால், இதே அளவில், இதே தரத்தில், இன்றைய கூலிக்கும் விலைவாசிக்கும் மறுபடி கட்டி எழுப்ப எவ்வளவு ஆகும்? அதுதான் அந்த எண்.

மனை தீயில் எரியாது. அதனால் மனையின் விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வீணாகப் பிரீமியம் கட்டுகிறோம். அதே போல, "வீட்டுக்கு நாற்பது வயசு ஆச்சு, இனி என்ன மதிப்பு" என்று கழிக்கவும் கூடாது. பழைய வீட்டைத் திரும்பக் கட்டும்போது செங்கல் கடைக்காரர் பழைய விலைக்குத் தரமாட்டார்.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வீட்டுக்கென்று ஒரே மாதிரியான பாலிசியை வகுத்துக் கொடுத்திருக்கிறது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். அதில் கட்டடத்துக்கான தொகையைக் கணக்கிடும் முறை எளிது: கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே நாம் புழங்கும் தரைப் பரப்பை, கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்தப் பெருக்கலில் ஒரு பள்ளம் இருக்கிறது.

நம் ஊர் மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது சுவரையும் சேர்த்த மொத்தப் பரப்புக்கு. பாலிசி கேட்பது வெளிச்சுவர் நீங்கிய பரப்பு. ஒரு உதாரணம் பார்ப்போம். வீடு சுவரோடு 1,000 சதுர அடி, உள்பரப்பு 850. மேஸ்திரி சொன்ன விலை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான செலவு 25 லட்சம். ஆனால் 850-ஐ 2,500-ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 25 ஆயிரம்தான் வரும். மூன்றே முக்கால் லட்சம் காணாமல் போய்விட்டது. சரியான வழி, முதலில் மொத்தச் செலவைக் கண்டுபிடித்து, அதை உள்பரப்பால் வகுப்பது. படிவத்தில் சதுர மீட்டர் கேட்டால் 850-ஐ 10.764-ஆல் வகுங்கள், சுமார் 79 வரும். 25 லட்சத்தை 79-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 31,650 ரூபாய். இதுதான் எழுத வேண்டிய விகிதம்.

காம்பவுண்டு சுவர், சம்ப், செப்டிக் டேங்க், கார் ஷெட் இவையெல்லாம் மேஸ்திரியின் சதுர அடி விலையில் பெரும்பாலும் வராது. இவற்றுக்கு ஆகும் செலவைத் தனியாகக் கூட்டுங்கள். நம் உதாரணத்தில் இரண்டரை லட்சம் என்றால் மொத்தம் 27.5 லட்சம். இடிபாடுகளை அள்ள இழப்பீட்டில் 2 சதவீதம் வரையும், என்ஜினீயர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாலிசியே தருகிறது.

மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று பழைய வீடு வைத்திருப்பவர்கள் புதுக் கான்கிரீட் வீட்டின் விலையைப் போடாதீர்கள். அந்த வேலை தெரிந்த ஆளிடம் எஸ்டிமேட் வாங்குங்கள்.

"குறைத்துப் போட்டால்தான் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவருக்கு, நாலு லட்சம் சேதமானால் இரண்டு லட்சம்தான் கிடைக்கும். இந்தப் பாலிசியில் அப்படி விகிதம் போட்டுக் குறைப்பதில்லை. ஆனால் உச்சவரம்பு நாம் எழுதிய தொகைதான். வீடே போன அன்று, எழுதாத ரூபாய் எங்கிருந்து வரும்? இன்னொன்று, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பு கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். கட்டடத்தைக் குறைத்தால் பீரோவும் பிரிட்ஜும் சேர்ந்தே குறைகின்றன.

"அதான் பேங்கில் லோன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சே" என்பவர்கள் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். சில சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. வீட்டுக்கான பாலிசியாகவே இருந்தாலும், தொகை கடன் அளவுக்கு மட்டும் இருக்கலாம். கடன் முடிந்த பிறகு அதைப் புதுப்பிப்பவர்கள் எத்தனை பேர்?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அதே மாதம் மிக்ஜாம் புயலுக்கு அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அது அந்த வார அரிசிக்கும் பாய்க்கும் உதவும் பணம். வீடு கட்டும் பணம் அல்ல, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. பெரிய வெள்ளம் வந்தால் ஊரே ஒரே நேரத்தில் கொத்தனாரைத் தேடும், கூலி ஏறும். அதனால் எஸ்டிமேட்டைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். பல ஆண்டுப் பாலிசி எடுத்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் தொகை தானாக உயரும், கூடுதல் பிரீமியம் இல்லை. ஓராண்டுப் பாலிசி என்றால் ஒவ்வொரு முறையும் நாமே கணக்கைத் திருத்த வேண்டும்.

என் கருத்து இதுதான். இந்தக் கணக்கை வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. விண்ணப்பப் படிவத்தோடு, விடை போட்டுக் காட்டிய ஒரு மாதிரிக் கணக்கைத் தமிழில் கொடுக்க நிறுவனங்களுக்கு என்ன கஷ்டம்? கடன் தரும் வங்கி, "இது உயிருக்கு, இது கட்டடத்துக்கு" என்று ஒரு வரி எழுதித் தரக்கூடாதா? பள்ளியில் அளவியல் பாடத்தில் இல்லாத தோட்டத்துக்கு வேலி போட வைக்கிறோம். பிள்ளைகளை அவரவர் வீட்டையே டேப் வைத்து அளந்துவரச் சொல்லலாமே.

"கம்பெனிக்காரன் கொடுக்கவா போறான்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறை அறையாக அளவு, எஸ்டிமேட், கட்டட வரைபடம், போட்டோ எல்லாவற்றிலும் தேதி போட்டு, ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். கையில் கணக்கு இருப்பவரிடம் யாரும் சுலபமாக வாதாட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். அளந்து பார்த்துவிட்டு, உங்கள் பாலிசியில் உள்ள தொகைக்கும் நீங்கள் போட்ட தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.