ஐந்தடி நிலம்

காட்டுத்தீ வீடுகளை விழுங்கிற்று என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பழியைக் காட்டின்மேல் சுமத்தும் பேச்சு அது. கலிபோர்னியாவில் எரிந்த வீடுகளுட் பலவற்றைக் கொளுத்தியவை, காற்றில் பறந்து வந்த தீக்கங்குகளே. கங்கு விழுந்தவுடன் சுவர் எரிவதில்லை. சுவரோரம் பரப்பிய மரப்பட்டைத் துண்டுகளிலோ, சன்னலின்கீழ் வளர்த்த புதரிலோ, கூரை வடிகாலில் தேங்கிய சருகிலோ விழுந்து புகைந்து, பின்பே அது வீட்டைப் பற்றுகிறது. மரவேலி சுவரைத் தொட்டு நின்றால் அதுவே திரி.

தீ அபாயம் மிகுந்த இடங்களில், வீட்டைச் சுற்றி ஐந்தடிக்குள் எரிபொருள் எதுவும் இருத்தலாகாது, சரளைக்கல் போதும். இதற்கான சட்டம் அம்மாநிலத்தில் 2020இல் இயற்றப்பட்டது. 2023 சனவரிக்குள் விதிகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2025 சனவரியில் அல்டடீனாவும் பசிபிக் பாலிசேட்சும் எரிந்து, 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தபொழுதும் அவை நிறைவு பெறவில்லை!

அழகும் நிழலும் போய்விடும் என்று வாதிடுவோர் உளர். சன்னலடிப் புதர் எவருக்கு நிழல் தந்தது? ‘என் வீடு, என் செடி’ என்போரும் உளர். அவர் வீடு எரிந்தால் அதன் கங்குகள் அண்டை வீட்டுக் கூரையில் அல்லவா விழும்? செலவு என்னும் வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. மரவேலியை மாற்ற இயலாத முதியவருக்கு அரசு உதவட்டும். சருகை வாருவதற்குத் துடைப்பம் போதும்.