மவுஸ் மேல் பழி போடும் முன்

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறினால் முதல் பழி பேட்டரிக்கு. புது பேட்டரி போட்டும் சரிவரவில்லை என்றால் அடுத்த பழி மவுஸுக்கே. கீபோர்டும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. உண்மையான குற்றவாளி பல நேரங்களில் பக்கத்து யுஎஸ்பி போர்ட்டில் இருக்கிறது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று அங்கே ஏற்கெனவே நெரிசல். போதாக்குறைக்கு, யுஎஸ்பி 3.0 கருவிகள் வேலை செய்யும்போது கிளப்பும் மின்னிரைச்சலும் அதே அலைவரிசையில் விழுகிறது. 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கில் படங்களை ஏற்றும்போது மட்டும் மவுஸ் அம்பு தாவினால் காரணம் இதுவாக இருக்கலாம். மவுஸுக்காகக் கணினியில் செருகும் ரிசீவரை, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு அருகிலிருந்து எடுத்து, சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி மேசைமேல் வைத்தால் போதும்.

சற்று நேரம் சும்மா இருந்த பிறகு இணைப்பு அறுந்தால், விண்டோஸின் மின்சேமிப்பு ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில், யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் உள்ள டிக்கை எடுத்துப் பார்க்கலாம். ப்ளூடூத் வகை என்றால் பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணைக்க வேண்டும்.

இதையெல்லாம் பெட்டியிலேயே நான்கு வரி அச்சிட்டுத் தர நிறுவனங்களுக்கு என்ன தடை?

இதைவிடப் பெரிய குறை ரிசீவர். நகத்தளவு துண்டு தொலைந்தால், பழுதே இல்லாத கீபோர்டும் மவுஸும் சேர்ந்து வீண். மலிவு விலை செட்டுகள் பலவற்றில் வேறு ரிசீவரை இணைக்க வழியே இல்லை. தொழில்நுட்பத்தில் வழி இல்லாமலா? ஒரே ரிசீவரில் ஆறு கருவிகளை இணைக்கும் யூனிஃபையிங் முறையை 2009-லேயே லாஜிடெக் கொண்டுவந்தது. ஆனால் அதே நிறுவனம் 2021-ல் தந்த போல்ட் ரிசீவர் பழைய யூனிஃபையிங் கருவிகளோடு சேராது.

இப்படிப்பட்ட குறைகளில் அரசுகள் தலையிடுவது புதிதல்ல. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியம், சார்ஜ் செய்து பயன்படுத்தும் கீபோர்டு, மவுஸுக்கும் யுஎஸ்பி-சி போர்ட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அந்த உரிமை ரிசீவருக்கும் நீள வேண்டும்: தனியாக விற்க வேண்டும், இணைக்கும் மென்பொருளையும் இலவசமாகத் தர வேண்டும். அதுவரை, வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்: ரிசீவர் தொலைந்தால் வேறு கிடைக்குமா?